கறுப்புச் சேவல் எந்த வருடம் கூவியது

பாரன்கியா,
திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு, காற்றடிக்கும் ஒரு ஞாயிறு.

தொலைவில் இருந்தும் தொல்லையில் குறைவைக்காத என் அன்பு மச்சான் எலியேசருக்கு,

உன் அக்கா தெனிஸின் புருஷன் அர்னுல்ஃபோ எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். தெனிஸின் முழங்கால் நலம், என் முரசு நலம், ஜனவரிக் காற்றில் கூரைத் தகடு ஒன்று மட்டும் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பனாமாவில் நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால், அங்கே பறந்து வரும் பக்கத்து வீட்டு நூபியாவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு கட்டி உப்புப் பாலாடைக்கட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி வரை படித்த பிறகுதான் பாலாடைக்கட்டியைக் கையில் தர வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கறுப்புச் சேவல் கொங்கோ ஆட்டக்குழுவுக்கு நீ இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியபோது "1931-இல் பிறந்த குழு" என்று போட்டாய். உன் தாத்தா முதல்முதலாகப் பூத்தலைப்பாகை கட்டித் தெருவில் ஆடிய வருடம் அது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுப் பச்சைக்கிளிக் குழுவின் தலைவன் வதித் தன் பக்கத்தில் 1927 என்று எழுதினான். பேசாமல் விட்டிருக்கலாம் நீ. 1919 என்று மாற்றினாய். அவன் 1908 என்றான். நீ 1896 என்றாய். தலைப்பாகை கட்டத் துணிகூடக் கிடைத்திருக்காத காலத்துக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தினாய், அதுவும் பனாமாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. இதற்கு நடுவே உன் மருமகள் யுரானிஸ், என் ஒரே மகள், நம் இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள், கொங்கோ குழுக்களைப் பற்றியே பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அதில் உன் பக்கத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினாள். இதை உன்னிடம் சொல்லத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ என்னைத் தடுத்துவிட்டாய்.

அவள் ஆதாரம் எழுதுகிற அழகை நீ பார்க்க வேண்டும். பக்கத்தை எழுதியவர் யார், தலைப்பு என்ன, முகவரி என்ன, எல்லாவற்றுக்கும் பிறகு அதைப் பார்த்த தேதி. அதோடு விடாமல் பக்கத்தை அப்படியே நகலெடுத்து இணையக் காப்பகத்தில் வேறு போட்டுவைக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பார்த்த தேதி எதுக்கும்மா, அது என்ன பால் பாக்கெட்டா?" என்று கேட்டேன். அவள் தலையைக்கூடத் தூக்காமல், "மாமாவோட பக்கம் பால விட சீக்கிரம் திரியுதுப்பா" என்றாள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக மண்டபத்தில் அந்தக் கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வு. ஆதாரம் பொய் என்று முடிவானால் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம், பட்டம் அடுத்த வருடத்துக்குப் போகும், பிப்ரவரியில் சேரச் சொல்லியிருக்கும் ஆசிரியை வேலையும் போகும். அதனால் பயத்தில் என்னிடம் பழுதுபார்க்க வந்த ஃபிரிட்ஜ்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு, முரசுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். தெனிஸ் ஒரு கூடை நிறைய மரவள்ளிக் கொழுக்கட்டை அவித்து எடுத்துக்கொண்டாள். வதித்தும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான், தன் குழுவைப் பற்றி அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க. பெண் எவ்வளவு தெளிவாகப் பேசினாள் தெரியுமா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பேராசிரியை மெந்திவில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க காட்டின ஆதாரத்தைத் திறந்து பார்த்துடலாமா?" என்று உன் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டார்.

கட்டுரையில் 1931 என்று இருக்கிறது. திரையில் 1871 என்று இருக்கிறது. போதாததற்கு, கப்பலில் வந்த ஒரு துருக்கி இளவரசர் நம் தலைப்பாகையைப் பார்த்து மயங்கி மாதிரிக்கு ஒன்று வாங்கிப் போனார் என்று வேறு எழுதிவைத்திருக்கிறாய். மச்சான், எந்த இளவரசர்? மெந்திவில் தன் கண்ணையே நம்பாமல் பக்கத்தை மறுபடி திறந்தார். அது 1868 ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வதித் மடியில் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் இங்கே உட்கார்ந்து 1869 என்று போட, நீ அங்கே உட்கார்ந்து 1868 என்று போட்டிருக்கிறாய்.

உன்னைக் கூப்பிட எனக்கு வழியில்லை. தெனிஸ்தான் மண்டபத்திலேயே போனைப் போட்டாள், அவள் அவசரத்தில் ஒலிபெருக்கி வேறு திறந்துகொண்டது. "டேய் எலியேசர், அந்தப் போனைக் கீழ வைடா."

"அக்கா, ஒரு நிமிஷம் இருக்கா, ஒரு வருஷம் போட்டுட்டு வந்துடறேன்."

"இங்க பரீட்சை நடக்குதுடா, பாவி."

"அப்படியா? யாருக்குக்கா?"

அதற்குள் வதித் 1867-க்கு இறங்கியிருந்தான். மெந்திவில் இன்னொரு தடவை உன் பக்கத்தைத் திறந்தார். 1866. மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். என் மகளின் பட்டம் கண்முன்னே வருடம் வருடமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, நான் கொழுக்கட்டைக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யுரானிஸ் மட்டும் அசையவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, காப்பகத்தில் போட்டிருந்த நகல்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். 1931 இருந்த நாள், 1919 ஆன நாள், 1896 ஆன நாள், எல்லாவற்றுக்கும் கீழே பார்த்த தேதி. "மேடம், குழு இந்த வருஷம்தான் பிறந்ததுன்னு நான் எங்கயும் சொல்லல. அன்னைக்கு அந்தப் பக்கம் இப்படிச் சொல்லிச்சுன்னுதான் சொல்றேன். எங்க மாமா மாத்திக்கிட்டே இருப்பாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும். ஒரு குழு தன் வயசை எப்படி ஏத்திக்குதுன்னுதான் மூணாவது அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கேன்."

மெந்திவில் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, பக்கத்தில் இருந்த இன்னொரு பேராசிரியர் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "ஒரே ஒரு திருத்தம்தான் யுரானிஸ். இன்னைக்குப் பார்த்த வருஷத்தையும் சேர்த்துடுங்க, தேதி போட மறக்காதீங்க" என்றார். முதல் தரத்தில் தேறிவிட்டாள், மச்சான். நாங்கள் வராந்தாவிலேயே முரசைத் தூக்கிவிட்டோம். வதித் என் தோளில் கை போட்டு ஆடினான், மெந்திவில் அம்மாள் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார், காவல்காரர் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு கொழுக்கட்டை தின்றுவிட்டு அவரும் ஆடினார். இவ்வளவு சந்தோஷம் நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. நீ இல்லாததுதான் குறை, அதை உன்னிடம் நேரில் சொல்ல மாட்டேன்.

அன்று மாலையே நீ வெட்கப்பட்டுப் பக்கத்தில் பழையபடி 1931 என்று போட்டுவிட்டாய் என்று பார்த்தேன். மனம் நிறைந்தது. அது அப்படியே இருக்கட்டும். நாம் யாரென்று நமக்குத் தெரியும், நாலு வருடம் கூட்டிக் காட்டித்தான் பெருமை வர வேண்டும் என்பதில்லை. படித்த பெண்ணின் அப்பா என்ற உரிமையில் சொல்கிறேன், இனி அந்தப் பக்கத்தில் கை வைக்காதே. துருக்கி இளவரசரையும் ஊருக்கு அனுப்பிவை.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். திருவிழாவுக்கு வந்துவிடு, உன் தலைப்பாகைக்குப் புதுப்பூ கட்டி வைத்திருக்கிறாள் உன் அக்கா. என் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிடு.

இப்படிக்கு, உன்னை மன்னித்துவிட்ட
அர்னுல்ஃபோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் வதித் தன் ஃபிரிட்ஜை எடுத்துப் போக வந்தான். அவன் பக்கத்தில் இன்னும் 1867-தான் இருக்கிறது. பல்லைக் குத்திக்கொண்டே, "உங்க சேவல் முட்டைக்குள்ள இருந்தப்பவே எங்க கிளி ஊரைச் சுத்திடுச்சு, அர்னுல்ஃபோ" என்றான். உன் கடவுச்சொல் செத்துப்போன நம் சேவலின் பெயர்தான் என்பது தெனிஸுக்குத் தெரியும், அதனால் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. 1866 என்று போட்டுவிட்டேன். உன்னைப்போல வெறுமனே போடவில்லை, கீழே ஆதாரமும் கொடுத்திருக்கிறேன்: யுரானிஸின் திருத்திய கட்டுரை, தலைப்பு, பக்க எண், பார்த்த தேதி, எதையும் விடவில்லை. அவள் வாக்கியத்தின் முடிவில் இருந்த "என்று அந்தப் பக்கம் அன்று சொன்னது" என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை. அவளிடம் சொல்லிவிடாதே.