புட்டிங்கைத் திட்டிய கரடி

ஒரு காட்டில், அதுவும் வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற சீமைக் காட்டில், சடையாண்டி என்றொரு கரடி இருந்தான். சிறுமலையிலிருந்து பிழைக்கப் போனவன். தேன்கூட்டுக்குக் காவல் வேலை. கரடியைத் தேனுக்குக் காவல் வைத்தது என்ன காடு என்று கேட்காதீர்கள். போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

அங்கே பனிப் பண்டிகைக்கு ஒரு புட்டிங் செய்வார்கள். உலர்ந்த திராட்சையைச் சாராயத்தில் ஊறப்போட்டு, வெல்லப்பாகு விட்டு, அரை நாள் ஆவியில் அவித்துக் கருங்கல் மாதிரி எடுப்பார்கள். செய்யாத வீடு கிடையாது. பிடித்தவர் ஒருவரும் கிடையாது. ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, போன வருஷத்தைவிட மோசம் என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மிச்சத்தை வேலிக்கு அந்தப்பக்கம் வீசுவார்கள். அதுதான் பண்டிகை.

வாத்து வீட்டு விருந்துக்குப் போன சடையாண்டிக்கு இது தெரியாது. சிறுமலையில் இலுப்பைப்பூ உதிர்ந்து புளித்துக் கிடக்குமே, அதே வாசம், அதே கிறக்கம். தட்டை வழித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டான். கேலி செய்கிறான் என்று வாத்தம்மா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

சேதி கலைமான் அதிகாரியிடம் போயிற்று. சடையாண்டியின் குடியுரிமை அவர் கையில்தான் இருந்தது. காட்டோடு ஒட்டாதவன் என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். நேரில் வரச் சொல்லி ஆள் வந்தது.

தூத்துக்குடியிலிருந்து கப்பல் கம்பத்தில் உட்கார்ந்தே வந்து குடியேறிய காக்கை மரியபாக்கியம் பதறிக்கொண்டு வந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே. ரெண்டாந்தரம் கேட்டீங்களாமே?"

"நல்லா இருந்துச்சு தங்கச்சி."

"இருந்தா? வாய்விட்டுச் சொல்லுவாங்களா? இவங்க திங்கறதைத் தின்னா விருந்தாளி. இவங்க திட்டறதைத் திட்டினாத்தான் ஊர்க்காரன்."

கலைமான் ஒரு துண்டு புட்டிங்கை முன்னால் வைத்து அபிப்பிராயம் கேட்டார். சடையாண்டி ஒரு கரண்டி வாயில் போட்டான். உள்ளே இலுப்பைப்பூ மணந்தது. விழுங்கினால் கப்பல். துப்பினான். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இதைச் செஞ்சவங்களைக் கூப்பிட்டு இதையே தின்னச் சொல்லணும்ய்யா."

கலைமான் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்து தாமும் திட்டுவதாகவும், அழுது திட்டியவனை இன்றுதான் பார்ப்பதாகவும் சொல்லி முத்திரை குத்தினார்.

முத்திரை காய்வதற்குள் சடையாண்டி ஒரு யோசனை சொன்னான். வேலியோரம் இந்தக் கருமம் கிடப்பது காட்டுக்கே அசிங்கம். இனி வீடு வீடாகப் போய் வாங்கி, தன் குகையில் வைத்துத் தானே அழித்துவிடுவான். காடு நெகிழ்ந்துபோயிற்று. இப்போதெல்லாம் வாத்தம்மாதான் முதல் மூட்டையைக் கட்டிக் கொடுக்கிறாள். சடையாண்டி இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டான். பாவம், அந்தக் கருமத்தோடு மல்லுக்கட்டியே உடம்பு வீங்கிப்போச்சு என்று ஊரே உச்சுக்கொட்டுகிறது.

நீதி: ஒன்றை வயிறாரச் சாப்பிட ஆசையா? முதல் ஆளாக நின்று அதை வாயாரத் திட்டுங்கள்.