வரைபடத்தில் ஆறு அங்குலம்

சுற்றுவட்டாரத்தில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே திரும்புகிறது என்று வரைபடக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நில அளவை அலுவலகத்தில் இருபது வருஷமாகப் பாதைகளை வரைகிறவர். அவற்றில் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோபாவில் நீட்டி நிமிர்ந்து தூங்கவே அவருக்கு நேரம் போதவில்லை, பாவம்.

அந்தத் தூக்கத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் கிராமத்துப் பக்கம் நடந்துட்டு வரலாம்ங்க," என்றாள் மனைவி.

மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் கல்யாணமான புதிதிலேயே அவரை விட்டுப் போய்விட்டது. ஆனால் மூளை இருக்கிறதே! ஒரே ஒரு நடை. அதிலேயே அவள் 'ஆளை விடுங்க சாமி' என்று கும்பிடு போட வேண்டும். சேறு, முள், மேடு மூன்றும் சேர்ந்தாற்போல் வாய்த்த வழியைப் பொறுக்கி எடுத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். மொத்தம் ஆறு அங்குலம். காகிதத்தில் வெகு அழகாக இருந்தது.

ஞாயிறு காலை. முதல் அங்குலத்திலேயே அவருடைய ஷூ கடித்தது. இரண்டாவது அங்குலத்தில், படத்தில் நீல நூலாக ஓடிய ஓடை நேரில் முழங்கால் வரை வந்தது. மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி தாண்டிப் போனாள். இவர் வழுக்கி உட்கார்ந்தார்.

"என்னங்க, உட்கார்ந்துட்டீங்க?"

"தண்ணி எவ்வளவு ஜில்லுனு இருக்குன்னு பார்த்தேன். ஆஹா, என்ன சுகம்!"

"முள்ளு குத்துதா?"

"குத்தினாத்தான் ரத்தம் ஓடும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காவிட்டால் சதி வெளிப்பட்டுவிடுமே! குன்றின் உச்சியில் வீசிய காற்று மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை அவர் தம் மனசுக்குக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அவளோ கொக்கைக் காட்டினாள், காட்டுப் பழம் பறித்துத் தின்றாள், பாட்டு வேறு பாடினாள்.

ஐந்தாவது அங்குலத்தில் ஓர் ஆட்டுக்கிடா அவரை ஏற இறங்கப் பார்த்தது. படத்தில் அதற்கு அடையாளக் குறி எதுவும் கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்போடு ஓடினார்.

"பரவாயில்லையே, நல்லா ஓடறீங்க!"

"நடைக்கு நடுவுல... கொஞ்சம் ஓடணும். அதுதான்... முறை."

ஒருவழியாகப் பஸ் நிறுத்தம் வந்தது. மனைவி தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னால முடியலைங்க. காலு ரெண்டும் கழண்டு போச்சு. இனிமே நடைன்னு என்னைக் கூப்பிடாதீங்க."

அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை. ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அடடா! நான் வாரா வாரம் வரணும்னு ஆசைப்பட்டேனே!"

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவரை உலுக்கி எழுப்பினாள். கட்டிலடியில் துடைத்து வைத்த ஷூ. அவள் கையில் சாப்பாட்டுப் பொட்டலம்.

"எழுந்திருங்க, பஸ் போயிடும்."

"நீதான் வரமாட்டேன்னியே?"

"என்னால முடியலைங்கறதுக்காக உங்க ஆசையைக் கெடுப்பேனா? சாயங்காலம் வரைக்கும் நிம்மதியா நடந்துட்டு வாங்க."

ஆசையே இல்லை என்றால் போன வாரம் ஏன் அப்படி உருகினீர்கள் என்பாள். இருக்கிறது என்றால் கிடா காத்திருக்கிறது. ஷூவை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் மனைவியின் தங்கை நின்றிருந்தாள். ஒரு கையில் தலையணை, மறு கையில் சீட்டுக்கட்டு.

"என்ன அத்தான், இன்னும் கிளம்பலையா? இனிமே ஞாயித்துக்கிழமை சோபா நமக்குத்தான்னு அக்கா போன மாசமே சொல்லிட்டாளே!"