என் வீட்டுக்காரருக்கு வயது எழுபத்திரண்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பசறைக் கடைக்குப் போகும்போது என் வீட்டுக்காரருக்கு வயது நாற்பத்தொன்று. கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது எழுபத்திரண்டு.

இரண்டுமே பொய். ஆனால் நாற்பத்தொன்று பழகிப்போன பொய். எங்கள் தேயிலைத் தோட்டத்து நாடகங்களில் ராஜா வேஷம் கட்டத் தொடங்கியதிலிருந்து அந்த வயதிலேயே நின்றுவிட்டார். அவர் கணக்குப்படி பார்த்தால், இப்போது பதுளையில் வேலை பார்க்கும் எங்கள் மூத்தவன் பிறந்தபோது அவருக்கே மீசை முளைத்திருக்காது. அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு ஏது? சொன்னதுதான் வயது. மீசைக்கு மை தடவிக்கொண்டு அவர் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். வயதைக் குறைத்துச் சொல்வதால் குடும்பத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கூட்டிச் சொன்னால்தான் வீடு போகும்.

அது எப்படி என்றால், என் வீட்டுக்காரர் நல்லையா எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மலைக்கு அனுப்பி, கூடவே நின்று வேலை வாங்க வேண்டும். அதற்காக எங்களுக்குத் தனி வீடு. முன்னறை, உள்ளறை, அடுப்படி, பின்னால் போஞ்சி காய்க்கிற பந்தல். அறுபது வயதானால் வேலையும் போகும், வீடும் போகும். தோட்டத்தை நடத்திய பழைய துரை அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். புதிதாக வந்த துரை அப்படியில்லை. வந்த மாதமே தேயிலை ஆலையின் பழைய டீமேக்கர் இருமுவதைப் பார்த்து வயதைக் கேட்டார். அந்த மனிதர் மரியாதையாக அறுபத்திமூன்று என்றார். அடுத்த மாதம் அந்த வீட்டு ஜன்னலில் வேறு யாருடைய திரையோ தொங்கியது.

இது தெரிந்த மனிதர்தான் எழுபத்திரண்டு வயதோடு வாசலில் வந்து நின்றார்.

எல்லாம் கருவாடு சுற்றி வந்த தாளால் வந்த வினை. அது ஒரு பழைய சினிமாப் பத்திரிகை. கருவாட்டை என் கையில் கொட்டிவிட்டுத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அமெரிக்காவில் சினிமாக்காரர்களுக்கு வருடா வருடம் ஒரு பொம்மை பரிசு கொடுக்கிறார்களாம். கதாநாயகனுக்கு ஒன்று, பக்க வேஷம் போடுகிறவனுக்கு ஒன்று. பக்க வேஷக்காரர்கள் எந்தெந்த வயதில் வாங்கினார்கள் என்று பத்திரிகைக்காரன் வேலை மெனக்கெட்டு எழுதியிருந்தான். ஒருவர் முப்பத்தொன்றில் வாங்கியிருக்கிறார். ஒருவர் அறுபத்தைந்தில். ஒருவர் எழுபத்தொன்றில்.

"கதாநாயகனுக்கு வயசு ஏற ஏற மவுசு எறங்கும். பக்க வேஷத்துக்கு ஏற ஏறக் கூடும். இத்தனை வருஷமா நான் தப்பான எடத்துல நின்னுட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு பசறையில் தோட்டங்களுக்கிடையே நாடகப் போட்டி. அதை நடத்துகிறவர் ஸலீம் நானா. கருவாட்டுக் கடையும் அவருடையதுதான். என் வீட்டுக்காரர் வருடந்தோறும் அந்தப் போட்டிக்கு ராஜாவாகப் போய், மழையில் சாயம் கரைந்து, ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவார். இந்த வருடம் ஸலீம் நானாவும் அதே பத்திரிகையைப் படித்திருக்கிறார். பக்க வேஷத்துக்கென்று புதிதாக ஒரு வெள்ளிக் கோப்பை. போட்டியில் இருப்பவரின் பேரோடு வயதையும் மேடையில் அறிவிப்பாராம். பரிசு கொடுப்பவர் எங்கள் துரை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உங்களுக்கு அம்பத்திரண்டு தானேங்க?"

"அமெரிக்காக்காரன் எழுபத்தொண்ணு. நான் அவனுக்கு ஒரு வயசு மூத்தவனா இருந்தாத்தான் மரியாதை."

"துரை முன்வரிசையில உக்காந்திருப்பாரே."

"துரைக்குத் தமிழ் தெரியாது."

"பக்கத்துல நம்ம ஆபீஸு பெரிய கிளாக்கர் இருப்பாரே. அவருக்குத் தெரியுமே."

"இந்தா புள்ள. வேலைக்கு ஒரு வயசு, கலைக்கு ஒரு வயசு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

மறுநாளிலிருந்து மை நின்றது. மீசை வெள்ளைப் பூனை வால் மாதிரி ஆனது. ராஜா வேஷத்தைக் கொழுந்து நிறுக்கிற பையனுக்குத் தானம் கொடுத்துவிட்டு, மகனைத் தேடி அலைந்து செத்துப்போகிற கிழவனார் வேஷத்தை எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு சாவு. சாவதற்கு வேறு இடமே கிடைக்காத மாதிரி சரியாக அடுப்படி வாசலில்தான் சாவார். கஞ்சி வடிக்கிற பானையோடு நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாள் கால் பட்டு, செத்தவர் என்னைத் திட்டினார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நடிப்பு உடம்பில் ஊற வேண்டுமாம். பெரட்டுக் களத்துக்கே கம்பு ஊன்றிக்கொண்டு போனார். நடுங்கிக் குரல் கொடுத்து ஆட்களைக் கூப்பிட்டார். துரை மோட்டார் சைக்கிளை நிறுத்தி இவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த ஆளுக்கு என்ன வயது என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டாராம். விசாரித்துச் சொல்வதாகக் கிளாக்கர் சொன்னாராம். இதை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். துரையே நம்பிவிட்டாராம். கோப்பை பாதி கைக்கு வந்த மாதிரியாம்.

அன்றைக்கு நான் போஞ்சிப் பந்தலின் கீழ் போய் நின்று அழுதேன். பூ வைத்திருந்தது. அது காய்த்துப் பறிக்கும்போது நாங்கள் இங்கே இருப்போமா என்று இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பசறைக்குப் போனேன். வயதை மட்டும் அறிவிக்க வேண்டாம் என்று ஸலீம் நானாவிடம் கெஞ்சினேன். அமெரிக்காவில் எப்படியோ அப்படித்தான் பசறையிலும் என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு பிளேன்டீயும் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பாட்டுக்குப் புலம்பினார்.

"எனக்கிருக்கிற கஷ்டம் ஒங்களுக்குத் தெரியாது தங்கச்சி. நாடகத்துக்கு நடுவுல மாலை போட வாரவங்களை நிப்பாட்ட ஏலாது. போன வருஷம் சண்டையில செத்தவன் நாலு தரம் எழும்பி மாலை வாங்கிட்டு, நாலு தரம் திரும்பச் செத்தான்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். நடிகருக்கு யாராவது மாலை கொண்டுவந்தால் நாடகம் அப்படியே நிற்க வேண்டும். கொண்டுவந்தவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று மேடையில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அவமானம் என்று ஆயுசுக்கும் பேச மாட்டார்கள்.

"யார் வேணும்னாலும் மாலை போடலாமா நானா?"

"யார் வேணும்னாலும்."

"போடறவங்க வயசையும் சொல்லுவீங்களா?"

"சொல்லச் சொன்னா சொல்றதுதானே."

பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். லுணுகலைக்குப் போகிற பஸ்ஸின் கொண்டக்டரைப் பிடித்து என் மாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மாமியார் பேர் பெரியாயி. வயது எழுபது. பதினெட்டு வயதில் என் வீட்டுக்காரரைப் பெற்றவள். ஆறு வருடத்துக்கு முன்னால், நான் வைத்த ரசத்தில் புளி கூட என்று சொல்லி, சின்ன மகன் வீட்டுக்கு லுணுகலைக்குப் போனவள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரசம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அவளைக் கூப்பிடுவதற்கு எனக்கு எவ்வளவு மனக்கஷ்டம் என்று பெண்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு சாயங்காலம், கடைசி பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போட்டியன்று மாமியார் பசறை மண்டபத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி. மாலை நசுங்காமல் இருக்கப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாடகம் தொடங்குகிற நேரத்தில், மாலை எங்கே என்று என்னையே கேட்டாள். ஓடிப்போய் நான்தான் வாங்கி வந்தேன். அந்தப் பதற்றத்தில் பெட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். மேடைக்குப் போக வேண்டும், மாலை போட வேண்டும், வயதைச் சொல்ல வேண்டும், இறங்கி வந்துவிட வேண்டும்.

"அழணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் அத்தை. மாலை போட்டாப் போதும்."

தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. ஸலீம் நானா தொண்டை கிழிய அறிவித்தார். கிழவனார் வேஷத்தில் நல்லையா கணக்கப்பிள்ளை, வயது எழுபத்திரண்டு. மண்டபமே "அடேயப்பா" என்றது. துரை பக்கத்தில் சாய்ந்தார். பெரிய கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா அவர் காதில் ஏதோ சொன்னார். துரை புருவத்தைத் தூக்கினார்.

என் வீட்டுக்காரர் தள்ளாடி வந்தார். மகனே, மகனே என்று நாலு திசையிலும் கூப்பிட்டார். நன்றாகத்தான் செத்தார். எங்கள் அடுப்படி வாசலில் செத்ததைவிடத் திறமாகவே செத்தார். நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அந்த நேரம் பார்த்து மாமியார் மாலையோடு படி ஏறினாள்.

நாடகம் நின்றது. ஸலீம் நானா குனிந்து கேட்டுக் கேட்டுச் சத்தமாகச் சொன்னார். மாலை போடுகிறவர் லுணுகலை பெரியாயி அம்மா. வயது எழுபது. நடிகருக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"பெத்த தாயி" என்றாள் மாமியார்.

கணக்குத் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மகனைவிடத் தாய்க்கு இரண்டு வயது குறைவு. கிளாக்கர் ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு துரைக்குச் சொல்ல, துரை நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கிளாக்கர் ஐயா எழுந்து நின்றார். "கணக்கப்பிள்ளை, துரை கேக்கிறார். உம்மட உண்மையான வயசு என்ன?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "நான் செத்துட்டேங்க."

"அம்பத்திரண்டுங்க" என்றாள் மாமியார். "நாப்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். அதையும் நம்பாதீங்க."

துரை தலையை ஆட்டினார். இன்னும் எட்டு வருடம் இந்த ஆளிடம் வேலை வாங்கலாம் என்று சொன்னதாகக் கிளாக்கர் ஐயா பிறகு சொன்னார். என் போஞ்சிப் பந்தல் பிழைத்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமியார் இறங்க வேண்டிய இடம் அதுதான். அவள் இறங்கவில்லை.

வழக்கப்படி என் வீட்டுக்காரர் எழுந்து மாலையை வாங்கிக்கொண்டு திரும்பவும் சாகப் படுத்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், மழை தோற்றது. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்ததையும், மாந்தம் வந்தபோது மலை ஏறி மருந்துக்கு ஓடியதையும், முதல் பல் விழுந்ததையும் சொல்லிச் சொல்லி அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்க முந்தானை நனைந்தது. ராஜா வேஷக்காரப் பையன் தன் வசனத்தோடு ஓரத்தில் காத்து நின்று, கடைசியில் அவனும் அழுதான்.

"ஆத்தா, போதும், எறங்கு" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தது முன்வரிசைக்குக் கேட்டது.

அவர் வாயில் ஒரு தட்டுத் தட்டினாள். "செத்தவன் பேசக்கூடாது."

பக்க வேஷத்துக்கான வெள்ளிக் கோப்பை லுணுகலை பெரியாயி அம்மாவுக்கு. வயது எழுபது. துரை தன் கையால் கொடுத்தார். பத்திரிகையில் எழுதியிருந்தது சரிதான் என்று ஸலீம் நானா எல்லோரிடமும் சொன்னார்.

வெளியே என் வீட்டுக்காரர் வெள்ளை மீசையோடு என்னை முறைத்தார். "ஆத்தாவைக் கூப்பிட்டது நீதானே?"

"ஆமாங்க. வேலைக்கு ஒரு ஆத்தா, கலைக்கு ஒரு ஆத்தான்னு உங்களுக்கு ரெண்டு பேரா இருக்காங்க?"

அவர் கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தோடு மாமியாரின் கையைப் பிடித்து லுணுகலை பஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். கொண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். மாமியார் அந்தப் பஸ்ஸைத் தாண்டி, எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, முன் இருக்கையில் கோப்பையோடு உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க பஸ் அது."

"வார வருஷமும் போட்டி இருக்காம்ல. ஒத்திகை பாக்க வேணாமா? லுணுகலையில யாரு இருக்கா கூட நடிக்க?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தகரப் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"வா ஆத்தா. நம்ம வீடுதான். கைவிட்டுப் போக இருந்ததைக் காப்பாத்தினதே உன் மருமக."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முன்னறையில் கோப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய சேலைகள், வெற்றிலை இடிக்கிற உரல், எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கோல் சுற்றி, பத்திரமாக, அவளுடைய ரசச் சட்டி.