என் வாய், என் காசு, என் புகை

தீப்பெட்டி காலியாகிவிட்டது. புகையிலை திணித்த சுங்கான் மட்டும் புகைய மறுத்தது.

பால்கனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நூலகர், கன்னம் குழிய இன்னொரு முறை உறிஞ்சினார். காது அடைத்ததுதான் மிச்சம்.

"என்னங்க, எரியுதா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஜோரா எரியுது!"

வேறென்ன சொல்வது? நேற்று இதைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்து எவ்வளவு பெரிய பிரகடனம் செய்திருந்தார்!

"பகல் முழுக்க லைப்ரரியில மத்தவங்க வாயை நான் அடக்கறேன். வீட்டுக்கு வந்தா என் வாயை நீ அடக்கறே. உப்பைக் குறைன்னே, குறைச்சேன். சர்க்கரையை விடுன்னே, விட்டேன். இதை விட மாட்டேன். என் வாய், என் காசு, என் புகை!"

"உங்க இருமல்ங்கறதையும் சேர்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

காசு என்பது பஸ் ஏறாமல் நடந்து மிச்சம் பிடித்தது. மாதக்கணக்கில் ஒரு சுங்கான் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர், இரண்டு நாள் முன்பு துணிந்து உள்ளே போனார். கையாலேயே கடைந்த சுங்கான்கள். மரத்தின் ரேகை தேன் நிறத்தில் சுழன்றது. விலையைக் கேட்டதும் நாக்கு உலர்ந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் பரவாயில்லை என்று பாதி விலைக்குக் கேட்டார்.

"நாளைக்கு வாங்க சார். உங்களுக்குன்னே புதுசா ஒண்ணு செஞ்சு வைக்கிறேன்" என்றார் கடைக்காரர், மறுபேச்சே இல்லாமல்.

தன் குரலில் இருந்த மிடுக்குதான் காரணம் என்று நூலகர் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

இப்போது அந்த நெஞ்சு காற்றுக்குத் தவித்தது. புகையிலையைத் தளர்த்தினார்; இறுக்கினார். மனைவியின் ஹேர்பின்னை உள்ளே விட்டுக் குடைந்தார். ஹேர்பின் வளைந்து, உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "வாசனையே வரலையே?"

"கையால செஞ்சது அப்படித்தான். மட்டமான பைப்புதான் தெருவெல்லாம் நாறும்."

"அடடே! தம்பி பாக்கணும்னு சொன்னான். வரச் சொல்றேன்."

தடுப்பதற்குள் போன் போய்விட்டது. அடுத்த தெருவிலிருந்த மச்சினன் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் வந்து சேர்ந்தான்.

"மாமா, ஒரு வளையம் விடுங்க பாப்போம்!"

"விடறேன் மாப்ளே. அவசரப்படாதே."

குளியலறைக்குள் போனவர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் பஞ்சை நனைத்துச் சுங்கானுக்குள் திணித்துக்கொண்டு கம்பீரமாகக் கூடத்துக்கு வந்தார். புதுத் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்தார். புகை வந்தது. கூடவே நெருப்பும் வந்தது. மீசையின் இடது பக்கம் சுருண்டது. திரைச்சீலையின் நுனி பற்றியது. மனைவி ஒரு வாளித் தண்ணீரை அப்படியே திரைச்சீலை, சோபா, கணவர் மூன்றின்மேலும் கொட்டினாள்.

"மாமா, மீசையும் கையாலதான் செஞ்சதா? ஒரு பக்கம் வேலை பாக்கி இருக்கே!"

மனைவி அவசரமாகத் துண்டை எடுத்துவந்து அவர் முகத்தை ஒற்றினாள். "காயம் இல்லையே? போதுங்க, விட்டுடுங்களேன்."

"விடறதா? சொட்டச் சொட்ட நனைஞ்சாலும் பிடிக்கத்தான் போறேன்!"

ஈரச் சட்டையோடு, பாதி மீசையோடு கடைக்குள் புகுந்தார். சுங்கானை மேசையில் ஓங்கி வைத்தார்.

"ஆளைப் பாத்து ஏமாத்திட்டீங்களா? எத்தனை உறிஞ்சியும் காத்துகூட வரலை. கோர்ட்டுக்குப் போவேன். பேப்பர்ல எழுதுவேன். என்னை யாருன்னு நினைச்சீங்க?"

கடைக்காரர் துளியும் பதறவில்லை. மாட்டியிருந்த ஹேர்பின்னைக் குறடால் பக்குவமாக இழுத்தெடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"காத்து எப்படி சார் வரும், போன வாரம் உங்க வீட்டம்மா வந்து, 'தினமும் உங்க கடை வாசல்ல நிக்கிறவர் என் வீட்டுக்காரர்தான், அவர் என்ன விலை கேட்டாலும் குடுத்துடுங்க, மீதியை நான் தர்றேன், ஓட்டை மட்டும் போட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"