கனா சாரும் பழைய ஃபோர்ட்ரானும்

எங்கள் தங்கவயலில் எல்லோரும் பூமிக்குள் இறங்கிப் பிழைத்தார்கள். கனா சார் மட்டும் தரையில் கால் பாவாமலே பிழைத்தார். சுரங்க ஆபீசில் கணக்குப் போடுகிற வேலை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டின் மேல் வெயில் நகர்வதையே பார்த்தபடி நிற்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்காவது ஞாபகம் இருந்ததா, சந்தேகம்தான்.

கம்பெனி லைன் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒருநாள் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்.

"கொழம்பு நல்லா இருந்துச்சுய்யா. அப்பதான் டவுட்டே வந்துச்சு" என்றார், ஆபீசில் அவருக்கு உதவியாளாக இருந்த என்னிடம். அவர் சம்சாரம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய தம்பி முனிசாமிக்கு நந்திதுர்க் சுரங்கத்தில், ஆழமான லெவலில், அதாவது அடித்தட்டில் வேலை. கீழே பாறை வெடித்தால் ஊரில் பாத்திரங்கள் உருளும். எந்தக் கனவிலிருந்தாலும் சார் விழித்துக்கொள்வார். பழைய அதிர்வுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, அடுத்து எந்த லெவலில் வெடிக்கும் என்று கண்டுபிடித்துத் தம்பியைக் காப்பாற்ற வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் ஒரு காலேஜ் தன் கம்ப்யூட்டரை ஒரே ஒரு மத்தியானம் தர ஒப்புக்கொண்டது.

சார் ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில், அதிலும் புது ஃபோர்ட்ரானில், கணக்கை எழுதி முடித்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த மெஷினுக்கு மெமரி கையளவு. புது ஃபோர்ட்ரானே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பழசு சின்னது, கணக்கு முழுக்கக் கொள்ளும். ஆனால் புதுசில் ஒரு வரியில் சொல்வதைப் பழசில் மூக்கைச் சுற்றித் தொட வேண்டும். எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும்.

"பாதி லெவல் போட்டா போதும், போயிட்டு வாங்க" என்றார் ஆபீசர்.

"எந்தப் பாதிய உடறது சார்? எல்லா லெவல்லயும் நம்ம ஆளுங்க கீறாங்களே!"

"புதுசு எவ்ளோ அழகா இருக்குது சார்" என்று நான் இழுத்தேன்.

"பால்காரன்கிட்ட தெலுங்கு, கடையில கன்னடம் பேசறோம் இல்ல? அதுக்கு இன்னா தோதோ அதத்தான் பேசணும்யா."

எல்லாவற்றையும் பழசில் திருப்பி எழுதினார். பெங்களூர் போகும் மாரிகுப்பம் ரயிலில், அதைத் துளைபோட்டு வைத்த கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் காற்றில் எழுதிச் சரிபார்த்தபடியே வந்தார். எதிரே இருந்த அம்மாள் ஏதோ மந்திரம் என்று பயந்து இடம் மாறிவிட்டாள்.

மெஷின் எல்லாக் கணக்கையும் விழுங்கிவிட்டுப் பதில் சொன்னது: லெவலுக்கு லெவல் வித்தியாசமில்லை, எங்கேயும் வெடிக்கலாம்.

முனிசாமி விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா பெங்களூரு போன? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே அண்ணா!"

அடுத்த மாதமே பாத்திரங்கள் உருண்டன. சார் செருப்புக்கூடப் போடாமல் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார், பின்னால் நானும். ஆட்களை மேலே தூக்கிவரும் முதல் கேஜிலேயே முனிசாமி புழுதியும் சிரிப்புமாக ஏறி வந்தான்.

"தம்பிதான் வந்துட்டானே, வாங்க சார் போலாம்" என்றேன்.

"இருய்யா, மத்தவங்க வரட்டும்."

கேஜ் கேஜாக வந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகுதான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் மேலும் அவ்வளவு பிரியம் வரவில்லை.