நாலு இஞ்சு கூடுதலான நாற்காலி

வளரும் பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆறாம் வகுப்பில் எனக்கு எடுத்த கால்சட்டை எட்டாம் வகுப்பில்தான் இடுப்பில் நின்றது (அதுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே படித்தேன்). அப்படி வளர்ந்தவனை நம்பி ஒரு நாற்காலியின் அளவைக் கொடுத்தார்கள்.

என் மகள் ரஹீமாவுக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவோம். அங்கே ஒரு நிமிடம் உட்கார மாட்டாள்.

"கால் தொங்குதுல்ல? விழுந்திருவோமோங்கிறதுலயே கவனம் பூரா போயிருது. பாதம் தரையில பதியணும், முதுகுக்குச் சாய்மானம் வேணும், முன்னால ஒரு பலகை. அப்புறந்தான் நான் சொல்றது அவ காதுல ஏறும்" என்று டீச்சர் ஒரு சீட்டில் அளவு எழுதித் தந்தார். மகள் வாயால் ஒரு தரமாவது 'அத்தா' என்று கேட்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு நேராக ஆசாரியிடம் போனேன்.

"எல்லாத்துலயும் நாலு இஞ்சு கூட்டிப் போடுங்க. வளர்ற புள்ள."

"பாய், சீட்டுல அப்படி இல்லையே?"

"சீட்டா வளரப் போகுது?"

வீட்டில் மனைவி நூர்ஜஹானும் கேட்டாள்: "டீச்சர் அளந்து பாத்துல்ல குடுத்தாக? அதுக்கு மேல உங்களுக்கு என்ன?" அவளுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன் (இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்).

பலா மரத்தில் செய்த நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி, சீர்வரிசை மாதிரி சின்னமனூருக்குக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் இறக்கினேன். ரஹீமாவை உட்காரவைத்துப் பலகையைப் பூட்டினோம். அவள் பலகைக்கு அடியில் வழுக்கி வெளியே வந்து ஓடிவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கு உக்காரத் தெரியல டீச்சர். நான் காட்டுறேன்."

உட்கார்ந்தேன். மகளுக்குப் பெரியது, எனக்குச் சிறியது. கைப்பிடிகளுக்கு நடுவே இறங்கிய இடுப்பு மேலே வரவில்லை. நான் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. ஆசாரி வேலை சுத்தம், ஓர் ஆணிகூட அசையவில்லை.

ஓடிய ரஹீமா திரும்பி வந்தாள். ஓரமாகக் கிடந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில், இரண்டு கண்ணும் என் மேல்.

"எந்திரிச்சிராதீங்க!" என்றார் டீச்சர். என் இடுப்பின் மேல் அக்கறை என்று நினைத்தேன். அவர் ரஹீமாவிடம் குனிந்து, "அத்தாவ எந்திரிக்கச் சொல்வோமா? அத்தா, எந்திரி!" என்றார். நான் நாற்காலியோடு எழுந்து, தடுமாறி, பொத்தென்று உட்கார்ந்தேன். ரஹீமா சிரித்தாள். மறுபடியும் எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். கால் மணி நேரம் இதே வேலை. முக்காலியை விட்டு அவள் நகரவே இல்லை.

"அத்தா... எந்தி" என்றாள்.

அழுதுவிட்டேன். கைக்குட்டை கால்சட்டைப் பையில், பை நாற்காலிக்குள். டீச்சர்தான் துடைத்துக்கொள்ளக் காகிதம் தந்தார்.

ஆசாரி வந்து கைப்பிடியைக் கழற்றி என்னை மீட்டார். டீச்சர் சீட்டில் எழுதியிருந்த அளவுக்கே நாற்காலியை அறுத்துக் குறைத்தார். மற்ற சொற்களையெல்லாம் ரஹீமா அதில் உட்கார்ந்துதான் பேசிப் பழகினாள்.

இப்போது நாலாம் வகுப்பு, வாய் மூடுவதில்லை. போன பெருநாளுக்குக் கம்பத்துத் துணிக்கடையில் இரண்டு சைஸ் பெரிய கவுனை எடுத்து, "வளர்ற புள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தா, எந்தி!" என்றாள் ரஹீமா.

நின்றுகொண்டிருந்த என்னைக் கடைக்காரர் குழப்பத்தோடு பார்த்தார். நான் கவுனை மடித்து வைத்துவிட்டு, அவள் அளவுக்கு ஒன்று எடுத்துப் போடச் சொன்னேன்.