தொட்டுப் பார்க்க ஒரு மச்சான்

சதுப்பு நிலத்தில் சேறு உண்டு, கொசு உண்டு, அட்டை உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஜீவன் ஒன்று அங்கே உலவுகிறது, அதற்குப் பெயர் செடி நிபுணர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் நோட்டு, பின்னால் வர மனமே இல்லாத ஓர் உறவினர் என்று சகல லட்சணங்களோடும் இருப்பார். பத்தடி நடப்பார், குந்துவார், "ம்ம்" என்பார், எழுந்து நின்று யாரும் கேட்காத கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்வார். நீங்களும் நானும் பூவென்றால் நிறத்தைப் பார்ப்போம். இவருக்கோ, கண்ணுக்கே தெரியாத பூவின் மேல்தான் மரியாதை.

எனக்குத் தெரிந்த நிபுணர், தபால் ஆபீஸில் கிறுக்கலான முகவரிகளைப் படித்து யார் வீட்டுக் கடிதம் என்று ஊகிக்கிற உத்தியோகத்தில் இருக்கிறார். விடுமுறை நாளில் செடிகளை ஊகிப்பார். தொட்டால் ஆளைக் குதிக்க வைக்கும் காஞ்சொறி உங்களுக்குத் தெரியுமல்லவா? அதற்குச் சதுப்பில் வளரும் சாதுவான பங்காளி ஒன்று உண்டு. அதே இலை, அதே ரம்பப் பல், நூலில் தவிடு ஒட்டியது போல அதே அற்பப் பூ. ஆனால் அரிக்காது. அந்தப் பங்காளியின் பெயரை நோட்டில் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய பதினோரு வருட ஏக்கம்.

ஒரு விடுமுறை நாளில் அது கிடைத்தே விட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தார், படத்தோடு ஒப்பிட்டார், எல்லாம் பொருந்தியது. உறுதி செய்ய ஒரே வழி, தொட்டுப் பார்ப்பது. யார் தொடுவது? பக்கத்தில் நின்றவர் மனைவியின் தம்பி. தையல்காரர். பொத்தான் நூல் வாங்கப் போன வழியில் நிபுணரிடம் மாட்டிக்கொண்டவர்.

"மச்சான், லேசா ஒரு விரல் வைங்க."

"வேணாம் அத்தான். பொண்ணுக்கு நாளைக்குக் காலைல மொதல் இன்டர்வியூ. கோட்டுல இன்னும் பொத்தான் வைக்கல. இந்தக் கையை நம்பித்தான் இருக்கா."

"இது அரிக்காத ஜாதி. நான் சொல்றேன்ல."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நிபுணருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, செடி மேல் அல்ல, மச்சான் மேல்.

"இருபது வருஷமா ஊசி குத்தின விரல். மரத்துப் போயிருக்கும். மணிக்கட்டை வைங்க."

வைத்தார். அரிக்கவில்லை.

"சில பேருக்குக் காஞ்சொறியே அரிக்காது மச்சான். நீங்க அந்த ரகமான்னு மொதல்ல தெரியணும்."

வரப்போரத்தில் அசல் காஞ்சொறி கொழுகொழுவென்று நின்றிருந்தது. அக்காள் புருஷன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத அந்த மனிதர், கையை அப்படியே அதில் வைத்தார்.

அவர் அந்த ரகம் இல்லை.

சேற்றில் அவர் ஆடிய ஆட்டத்தில் தவளைகள் இடம் மாறின. கை பன் போல உப்பியது. நிபுணர் முகத்தில் அப்படியொரு திருப்தி. "உங்க தோல்ல ஒரு குறையும் இல்ல மச்சான்" என்று பாராட்டிவிட்டு, பதினோரு வருடப் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினார்.

வீட்டில் மனைவி தம்பியின் கையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அவ்வளவு சந்தேகம்னா உங்க கையை வச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"அப்புறம் நோட்டுல யாரு எழுதுறது?"

பொத்தான்களை அவளே தைத்தாள். ஊசி பிடித்துப் பழக்கமில்லாதவள். மறுநாள் காலை நாலு பொத்தானும் நாலு திசை பார்க்கத் தையல்காரரின் பெண் பஸ் ஏறியதை நான் பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சிரிக்கிறீர்கள். நமக்குச் செடியும் தெரியாது, சதுப்பும் தெரியாது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருக்கட்டும். நேற்று உங்கள் வீட்டுச் சமையலறையில், "பால் கெட்டிருக்காது, நான் சொல்றேன்ல" என்று அடித்துப் பேசியது யார்? ஒரு வாய் குடித்துப் பார்த்தது யார்?